ஐம்பத்தாறு சென்டிமீட்டர் கம்பி

1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கிய பிறகு, மன்னார் வளைகுடாவின் இந்தக் கரையில், தூத்துக்குடியில், மாடிக்கு மாடி மீன்முள் போன்ற அலுமினிய ஆன்டெனாக்கள் தென்கிழக்கைப் பார்த்து நின்றன. குழாய் உயர உயரப் படம் தெளியும். படம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் ஒருவர் மாடியில் குழாயைத் திருப்புவார், கீழிருந்து இன்னொருவர் குரல் கொடுப்பார். ஆன்டெனா என்றால் பெரிதாக இருக்க வேண்டும், உயரமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் தூத்துக்குடிக்காரர்களுக்கு அப்படி வந்ததுதான்.

தூத்துக்குடியின் முத்தையாபுரத்தில் வாடகைக்கு இருப்பவருக்கு இன்று மொட்டை மாடி கிடைப்பது அதிர்ஷ்டம். ஒரு ஜன்னலோ, துணி காயப்போடும் பால்கனியோதான் மிஞ்சும். விமானிகளும் கட்டுப்பாட்டு அறையும் ரேடியோவில் பேசிக்கொள்வதைப் பொழுதுபோக்காகக் கேட்க விரும்புகிறவருக்கு அந்த இடம் போதுமா? தாராளமாகப் போதும்.

காரணம் அலையின் நீளம். தூத்துக்குடி வானொலி ஒலிபரப்பும் 1053 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலை சுமார் 285 மீட்டர். அதில் கால்பங்கு நீளத்துக்குக் கம்பம் நட்டாலே 71 மீட்டர் வேண்டும். விமானப் பேச்சு நடப்பது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை. அங்கே ஓர் அலை இரண்டேகால் மீட்டரை ஒட்டித்தான் வரும். அதன் கால்பங்கு, கம்பியில் நடைமுறைக்கு வெட்டும்போது, 56 சென்டிமீட்டர். சின்ன இடத்துக்காக ஆன்டெனாவைக் குறுக்க வேண்டியதே இல்லை. முழு அளவே சின்னதுதான்.

உயரக் கவலையையும் விமானமே பாதி தீர்த்துவிடுகிறது. 35,000 அடியில் பறக்கும் விமானத்தின் குரல், தடை ஏதும் இல்லாவிட்டால், 400 கிலோமீட்டர் தாண்டியும் வரும். கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம் இங்கிருந்து ஏறக்குறைய 260 கிலோமீட்டர். அதற்கு மேலே உயரத்தில் போகிறவரின் குரல் முத்தையாபுரம் பால்கனிக்குக் கேட்கும். அவருக்குத் தரையிலிருந்து பதில் சொல்பவரின் குரல் கேட்காது. பக்கத்தில் வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்தின் கதை வேறு. அங்கே கோபுரமும் தரையில், கேட்பவரும் தரையில், நடுவே ஊர். அதற்கு மட்டும் மாடி உதவும். அந்த நிலையத்தின் ஓடுபாதை 1350 மீட்டரிலிருந்து 3115 மீட்டராக நீண்டு, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறந்த பிறகு, காது கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் கூடத்தான் செய்வார்கள்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? பலரும் முதலில் ஆசைப்படுவது டிஸ்கோன்: மேலே வட்டம், கீழே கூம்பு, பார்க்க அழகு. எல்லா அலைவரிசைக்கும் கை நீட்டுவதுதான் அதன் பெருமை, குறையும் அதுதான். பண்பலை நிலையங்களின் பலத்த சிக்னலையும் அள்ளிக்கொண்டு வந்து சாதாரண ரிசீவரைத் திணறடிக்கும். பழைய டி.வி. ஆன்டெனா ஒரே திசையைப் பார்ப்பது, போதாததற்குப் படுத்துக் கிடப்பது. விமான அலை நிமிர்ந்து வருவதால் கம்பியும் நிமிர்ந்து நிற்க வேண்டும். காந்த அடி வைத்த கார் ஆன்டெனாவை பீரோ மேல் நிறுத்துவது நல்ல குறுக்குவழி. அந்தத் தகரமே ஆன்டெனாவுக்கு வேண்டிய உலோகத் தரைத்தளமாக (ground plane) வேலை செய்யும். ஆனால் பீரோ வீட்டுக்குள் இருக்கிறது. கான்கிரீட்டும் கம்பிக்கட்டும் சுற்றி இருக்கின்றன.

ரசனை உள்ளவர் கடைசியில் வந்து நிற்பது டைபோலில். எலக்ட்ரிக்கல் கடையில் எர்த் போடும் செம்புக் கம்பியில் 56 சென்டிமீட்டருக்கு இரண்டு துண்டு. ஒன்று மேலே, ஒன்று கீழே, பி.வி.சி. பைப்பில் கட்ட வேண்டும். நடுவில் ஸ்க்ரூ கனெக்டர் வைத்து, டிஷ் கேபிளின் உள்கம்பியை மேல் துண்டிலும் வலையைக் கீழ் துண்டிலும் முறுக்கிவிட வேண்டும். அந்த வலை பெரும்பாலும் அலுமினியம், பற்றவைத்தால் ஒட்டாது, முறுக்குவதுதான் வழி. டிஷ் கேபிள் 75 ஓம், ரிசீவர் 50 ஓம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். கேட்பதற்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டல்ல. கேபிளை ஆன்டெனாவிலிருந்து அரை மீட்டராவது குறுக்காக இழுத்து, பிறகுதான் கீழே இறக்க வேண்டும் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

நம் வீடுகளில் பெரிய வில்லன் ஜன்னல் கிரில். நிமிர்ந்த இரும்புக் கம்பிகளுக்குப் பின்னால் நிமிர்ந்த ஆன்டெனாவை மாட்டினால் பாதி வானம் மறைந்துவிடும். கிரிலைத் தாண்டி அரை மீட்டர் வெளியே நீட்டினால் வித்தியாசம் உடனே காதில் தெரியும்.

இன்னொரு எதிரி இரைச்சல். விமானப் பேச்சு இன்றும் ஏ.எம். முறைதான். ஒரே நேரத்தில் இருவர் பேசினால், பலமானவர் மற்றவரை விழுங்கிவிடாமல் இரண்டு பேர் பேசுவதும் தெரியும். அதனால்தான் பழைய முறையை விடவில்லை. ஆனால் மலிவான எல்.இ.டி. பல்பு, ஃபேன் ரெகுலேட்டர், இன்வெர்ட்டர் எல்லாம் அதே ஏ.எம்.மில் உறுமும். விலையுயர்ந்த ஆன்டெனா வாங்குவதற்கு முன் வீட்டு விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பது மேல்.

உப்புக் காற்று பற்றி இந்த ஊருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. செம்பு பச்சை பூக்கும், அலுமினியம் வெள்ளையாகப் பொரியும். இணைப்பைச் சுற்றி தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் சுற்றாவிட்டால் ஒரு ஐப்பசி மழையைத் தாங்காது. மின்கம்பி அருகே பைப்பை நீட்டவே கூடாது. இடி மழையில் கேபிளைக் கழற்றிவிட வேண்டும்.

துறைமுகமும் கடலோரக் காவல் படையும் உள்ள ஊர் இது, அதனால் சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ரேடியோக் கருவி வைத்திருக்க 1933-ஆம் ஆண்டுச் சட்டமே உரிமம் கேட்டது. 2023-இன் தொலைத்தொடர்புச் சட்டமும் அனுமதி கேட்கிறது. அமெச்சூர் வானொலி உரிமத்துக்கான தேர்வை மத்திய அரசு நடத்துகிறது, 12 வயது நிரம்பினால் எழுதலாம். எதை வைத்திருக்கலாம், எதைக் கேட்கலாம் என்பதைக் கம்பி வெட்டுவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். காதில் விழுந்த பேச்சை மட்டும் வாட்ஸப்பில் ஏற்றாதீர்கள்.