மனம்போல வாழ்வும் மெய்யறமும்: வ.உ.சி.யின் தன்முன்னேற்ற எழுத்தில் அரசியலின் இடம்

தமிழில் தன்முன்னேற்ற நூல்களின் வரலாற்றை எழுதுவோர் வ.உ.சிதம்பரம் பிள்ளையின் ‘மனம்போல வாழ்வு’ (1909) என்னும் மொழிபெயர்ப்பிலிருந்து தொடங்குவதுண்டு. ஆங்கிலேய எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலன் எழுதிய, ஏழு இயல்கள் கொண்ட சிறுநூலின் தமிழாக்கம் அது. அதனையடுத்து ‘அகமே புறம்’ (1914), ‘வலிமைக்கு மார்க்கம்’ (1916), ‘சாந்திக்கு மார்க்கம்’ (1934) ஆகியனவும் ஆலனின் நூல்களிலிருந்து அவர்வழித் தமிழுக்கு வந்தன. ஒரே ஆசிரியரிடம் கால் நூற்றாண்டுக் காலம் மீண்டும் மீண்டும் சென்றமையால், இதனைச் சிறைத் தனிமையின் பொழுதுபோக்கு என ஒதுக்க இயலாது. ஆயினும் இம்மொழிபெயர்ப்புகளை மட்டும் தனித்தெடுத்துப் படிப்பது வ.உ.சி.யின் சிந்தனையில் ஒரு பாதியையே காட்டும்.

மனிதனின் சூழ்நிலை அவனது எண்ணத்தின் விளைவு என்பது ஆலனின் அடிப்படைக் கொள்கை. மனத்தைத் தோட்டமாக உருவகித்து, விதைப்பதும் களைவதும் அவரவர் பொறுப்பு என்கிறார். தோட்டம் உடையவனுக்கே அவ்வுருவகம் இயல்பாகப் பொருந்தும். இதைத் தமிழாக்கியவரோ 1906இல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியை நிறுவியவர். 1908 பிப்ரவரி இறுதியில் தொடங்கிய தூத்துக்குடி கோரல் ஆலை வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவர். அவ்வாலைத் தொழிலாளருக்கு ஊதிய உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தது அவர்தம் எண்ணம் தூய்மையுற்றதால் அன்று. ஒன்றுகூடி வேலையை நிறுத்தியதால். அதே மார்ச்சில் கைதாகிக் கோவைச் சிறையில் செக்கிழுத்தவருக்குச் சூழ்நிலையைப் படைப்பது எது என்பது ஏட்டளவிலான வினாவாக இருந்திருக்க இயலாது.

இவ்வினா பழங்கதையாகிவிடவில்லை. பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற விருத்தாசலத்தை எடுத்துக்கொள்வோம். அங்குச் சிறிய அளவில் பொருள்செய்யும் ஒருவரின் நிலையை அவரது விடாமுயற்சியோடு மண்ணின் தரமும் எரிபொருளின் விலையும் சூளை வசதியும் கடனும் வெளிச்சந்தையின் போட்டியும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. எண்ணம் மட்டுமே காரணம் எனின், தொழில் நொடித்தவரைக் குற்றவாளியாக்குவதில் அக்கொள்கை முடியும். தன்முன்னேற்ற நூல்கள் மீது வைக்கப்படும் இக்கண்டனம் ஆலனுக்குப் பெருமளவு பொருந்தும். வ.உ.சி.க்கும் பொருந்துமா என்பதே ஆராயத்தக்கது.

முதலில், தலைப்புகள். ஆலன் தம் நூலின் பெயரை விவிலியத்தின் நீதிமொழிகளிலிருந்து பெற்றார், வ.உ.சி. அதை விடுத்துத் தமிழர் நாவில் வழங்கும் ஒரு தொடரை வைத்தார். ‘வலிமைக்கு மார்க்கம்’, ‘சாந்திக்கு மார்க்கம்’ ஆகியவற்றின் மூலத்தில் முதற்பகுதி செழிப்புக்கான வழி எனப் பெயர்பெறுகிறது. தமிழ்த் தலைப்பில் செழிப்பு இல்லை, வலிமை உண்டு. இதனை அளவுக்கு மீறி வலியுறுத்த வேண்டியதில்லை. மூலநூலின் பொதுத்தலைப்பிலேயே வலிமை என்ற பொருளுடைய சொல் உள்ளது. எனினும் தெரிவு தெரிவே.

இதனினும் முதன்மையானது, ‘அகமே புறம்’ வெளிவந்த அதே 1914ஆம் ஆண்டைச் சார்ந்த ‘மெய்யறம்’. சிறையில் உருவான இச்செய்யுள் நூல் 125 அதிகாரங்கள் கொண்டது. மாணவரியலும் இல்வாழ்வியலும் முப்பது முப்பதாக அமைய, அரசியலுக்கு 50 அதிகாரங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அந்தணரியல் 10, மெய்யியல் 5. ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு அரசியல். ஆலனின் ஏழு இயல்களில் ஒன்றுகூட ஆட்சியைப் பற்றியதன்று. மெய்யறத்தில் மாணவனாகத் தன்னைத் திருத்திக்கொள்பவன் இல்லறத்தின் வழியே அரசியலை அடைந்த பின்னரே மெய்யியலுக்குச் செல்கிறான். உள்ளத்தின் திருத்தம் அங்கே தனியொருவரின் வெற்றியோடு நிற்பதில்லை.

இவ்வமைப்புக்குத் திருக்குறள் பின்புலமாகிறது. வ.உ.சி. அறத்துப்பாலுக்கு உரை கண்டவர், மணக்குடவர் உரையைப் பதிப்பித்தவர். ஊக்கமுடைமை அதிகாரம் உள்ளத்தின் உயர்வே மனிதனின் உயர்வு என்று கூறுவதால் ஆலனோடு எளிதில் இணையும். சிற்றினஞ்சேராமை அதிகாரம் அவ்வாறு இணையாது: அறிவு மனத்தில் இருப்பதுபோலத் தோன்றினும் உண்மையில் ஒருவர் சேர்ந்த இனத்தைச் சார்ந்தது என்பது அதன் கருத்து. மனத்துக்கு முன்னே கூட்டத்தை வைக்கும் இம்மரபில் பயின்றவர் ஆலனை முழுமையாக ஏற்றிருப்பார் எனக் கொள்வதைவிட, மெய்யறத்தில் அவரை நிறைவுசெய்தார் எனக் கொள்வதே பொருத்தமானது.

1912 டிசம்பரில் விடுதலையான பின் அவர்தம் வாழ்க்கையும் ஆலனின் வாய்பாட்டுக்கு அடங்கவில்லை. வழக்கறிஞர் உரிமம் பறிக்கப்பட்டு, சென்னையில் வறுமையோடு போராடினார்; தென்னாப்பிரிக்கத் தமிழர் திரட்டிய உதவித்தொகை தொடர்பாகக் காந்தியோடு நெடுநாள் கடிதம் எழுத நேர்ந்தது. மனவலிமை குறைந்ததால் வந்த வறுமை அது என யாரும் கூறார்.

பின்வந்த தமிழ்த் தன்முன்னேற்ற எழுத்து மெய்யறத்தின் வழியைத் தொடரவில்லை. அப்துற்-றஹீமின் ‘வாழ்வது ஒருமுறை’ போன்ற நூல்கள் தெளிந்த நடையால் பரந்த வாசகரை ஈட்டின. அவற்றின் களம் தனிமனிதரின் வாழ்வே. ‘எண்ணங்கள்’ எழுதிய எம்.எஸ்.உதயமூர்த்தி மட்டும் 1988இல் மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கி அரசியல் நோக்கித் திரும்பினார். ஆயினும் இன்றும் விரும்பி வாங்கப்படுவது ‘எண்ணங்கள்’தான், வ.உ.சி.யின் நூல்களிலும் ‘மனம்போல வாழ்வு’ அறியப்பட்ட அளவுக்கு மெய்யறத்தின் ஐம்பது அரசியல் அதிகாரங்கள் அறியப்படவில்லை.