ஒரு பஸ் நிற்கிற இடத்தில் முப்பது பிள்ளைகள்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் தேனி பஸ்ஸுக்காக நின்றபோது ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பஸ்ஸின் நீளம் சுமார் 11 மீட்டர், அகலம் இரண்டரை மீட்டர். ஆக, அது அடைத்துக்கொள்ளும் தரை ஏறக்குறைய 28 சதுர மீட்டர்.

சின்னப் பிள்ளைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் மத்திய அரசு 2013-ல் ஒரு தேசியக் கொள்கை வெளியிட்டது. 30 பிள்ளைகளுக்கு வகுப்பறை குறைந்தது 35 சதுர மீட்டர், வெளியிடம் குறைந்தது 30 சதுர மீட்டர் வேண்டும் என்கிறது அது. அதாவது ஒரு பஸ் நிற்கிற இடத்தில் முப்பது பேர் ஓடி விளையாடணும். ஆளுக்கு ஒரு பாயில் பாதி!

'நெருக்கமான தெருவுல அதுக்கு மேல எங்க போறது?'ன்னு கேட்பீர்கள். நியாயம்தான். வீட்டையே நர்சரியாக மாற்றிய ஊர் இது. அதனால் பரப்பளவோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. அந்த வரி அளவோடு நின்றுவிடுகிறதே, அதுதான் குறை. தரையில் என்ன இருக்கணும், மேலே நிழல் உண்டா என்று அது கேட்கவில்லை.

கேட்காததன் விளைவை ஒரு நர்சரியில் பார்த்தேன். முற்றம் முழுக்க பேவர் பிளாக் கல், நடுவில் ஒரு பிளாஸ்டிக் சறுக்கு. பதினொரு மணிக்கே கல் சுடுகிறது. ஒரு பிள்ளை சறுக்குது, பத்துப் பிள்ளை வரிசையில் நிக்குது. விளையாட்டு நேரத்தில் பெரும்பகுதி காத்திருப்பிலேயே போயிடுது. குழாய் வேலைக்குக் கொட்டி மிச்சமான மணல் ஓர் ஓரத்தில் கிடந்தது. அங்கே நாலு பேர் குந்தி உட்கார்ந்து கிச்சு கிச்சு தாம்பாளம் ஆடினார்கள். "மண்ணைத் தொடாதே"ன்னு மிஸ் கூப்பிட்டுவிட்டார்.

இங்கிலாந்துக்காரர் சைமன் நிக்கல்சன் 1971-ல் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: பிள்ளைகள் மாற்றி அமைக்கக்கூடிய பொருள்கள் எவ்வளவு கூடுதலாக இருக்கின்றனவோ, அவ்வளவுக்குக் கண்டுபிடிப்பும் கூடும். சறுக்கில் செய்ய ஒரே வேலைதான். மணலும் தண்ணியும் நாலு கொட்டாங்குச்சியும் இருந்தால் இட்லிக் கடை, அணை, கோயில் எல்லாம் வரும். கிண்டர்கார்டன் என்ற ஜெர்மன் சொல்லுக்கே 'குழந்தைகள் தோட்டம்' என்றுதான் அர்த்தம். தோட்டத்தை விட்டுட்டுப் பேரை மட்டும் வைத்துக்கொண்டோம்.

நிழலுக்கு ஒரு துயரக் கதை உண்டு. 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகளை அகற்றினார்கள். அது சரியான முடிவு. ஆனால் கீற்று போன இடத்தில் தகரம் போட்டால் அனல்தான் இறங்கும். மதுரை வெயிலுக்கு ஒரு வேம்போ புங்கையோ நட்டு வளர்ப்பதுதான் வழி. வளரும்வரை துணிப் பந்தல் போதும், அதுவும் அடுப்பங்கரைக்குத் தள்ளி.

மணலில் நாய், பூனை அசிங்கம் பண்ணும் என்ற பயமும் நியாயமானதே. ராத்திரியில் மூடி வைக்கலாம், அடிக்கடி கிளறி வெயில் படவைக்கலாம், ஆண்டுக்கொரு முறை மாற்றலாம். வேலைதான், ஆனால் முடியாத வேலை இல்லை. முற்றத்தில் ஒரு மூலைக் கல்லைப் பெயர்த்தால் போதும்.

பிள்ளையைச் சேர்க்கப் போகிறீர்களா? ஏ.சி. இருக்கான்னு விசாரிக்கிறதுக்கு முன்னால், பதினொரு மணிக்கு அந்த முற்றத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் நின்னு பாருங்க.