அத்தியாவசியப் பொருள்களும் இறக்குமதித் தீர்வையும்

மக்கள் உயிர்வாழ்தற்கு இன்றியமையாத பொருள்கள்மீது தீர்வை விதித்தல் அறமன்று என்பர் ஒரு சாரார். செல்வனும் வறியவனும் உண்ணும் அளவு ஏறத்தாழ ஒன்றே. ஆதலின் உணவின்மீது இடும் வரி வறியவனின் வருவாயிலேயே பெரும்பங்கைக் கவர்கின்றது என்பது அவர்தம் வாதம். இவ்வாதம் வலிமையுடையது. ஆயினும், எல்லா நாட்டிற்கும் எல்லாப் பொருளுக்கும் அதனை ஒப்பப் பொருத்தலாமா என்பது ஆராயத்தக்கது.

இவ்வினா விரிவாக விவாதிக்கப்பட்ட நாடு இங்கிலாந்து. 1815ஆம் ஆண்டுத் தானியச் சட்டம், உள்நாட்டுக் கோதுமையின் விலை குவாட்டர் ஒன்றுக்கு 80 சிலிங்கை எட்டும்வரை பிறநாட்டுக் கோதுமை அங்கு விற்பனைக்கு வருவதைத் தடுத்தது. அவ்வாண்டிலேயே டேவிட் றிக்காடோவும் தோமஸ் மால்தசும் எதிரெதிர் நின்று நூல்கள் வெளியிட்டனர். தடையினால் தானிய விலையும் நிலவாரமும் உயர, முதலீட்டின் இலாபம் குன்றும் என்றார் றிக்காடோ. உணவுக்குப் பிறநாட்டாரை நம்பியிருத்தல் ஆபத்தானது என்றார் மால்தஸ். 1846இல் பிரதமர் றொபேட் பீல் அச்சட்டத்தை நீக்குவித்தார். 1823இலேயே மறைந்துவிட்ட றிக்காடோவின் கொள்கை வென்றது.

ஓரிடத்தில் வென்ற கொள்கை எவ்விடத்தும் பொருந்தும் என்பதில்லை. நிலத்தை விட்டு நீங்கும் முதலும் உழைப்பும் வேறு தொழிலிற் சென்று சேரும் என்பது றிக்காடோவின் வாதத்துள் அடங்கிய எடுகோள். ஆலைகள் பெருகிய மான்செஸ்டர் போன்ற நகரங்களையுடைய நாட்டிற்கு அது பொருந்திற்று. அன்றியும், அத்தடையால் நயம் பெற்றோர் பெருநிலக்கிழார். விலையேற்றத்தைச் சுமந்தோர் தொழிலாளர். ஆகவே அது நீங்கியமை நன்றே.

இலங்கையிலோ தீர்வையின் இருமருங்கிலும் எளியவரே நிற்கின்றனர். 1970 முதல் 1977 வரை ஆண்ட அரசாங்கம் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத்துச் செம்மண் நிலத்தில், கிணற்று நீரை இறைத்துச் சிறு தோட்டம் செய்தோர் அக்காலத்தில் நல்விலை பெற்றனர். அதே காலத்தில் நகரத்து ஏழைகள் பண்டத் தட்டுப்பாட்டினால் இடருற்றனர் என்பதையும் மறைத்தலாகாது. 1977இல் பதவியேற்ற அரசாங்கம் இறக்குமதியைத் தாராளமாக்கிற்று. விளைபொருளின் விலை வீழ, கமக்காரரின் வருவாயும் வீழ்ந்தது. தோட்டத்தைக் கைவிட்டோரை ஏற்றுக்கொள்ளப் போதிய ஆலைகள் அங்கு இருக்கவில்லை. றிக்காடோவின் எடுகோள் பிழைப்பது இவ்விடத்தேயாம்.

அவ்வாறாயின் மால்தசின் கூற்றை முற்றாக ஏற்கலாமோ? அதற்கும் எல்லையுண்டு. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தால் மூண்டது. பின்னர் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அது மானியத்தைப் பற்றிய பூசலேயன்றித் தீர்வையைப் பற்றியதன்று. எனினும், உணவின் விலை மக்களின் பொறையைக் கடந்தால் எந்த ஆட்சியும் நிலைபெறாது என்பதற்கு அது தக்க சான்று.

எனவே பொருள்களை வகுத்து நோக்குதல் வேண்டும். நாட்டில் ஆக்கப்படாத மருந்தின்மீது விதிக்கும் தீர்வை எவரையும் காப்பதில்லை. நோயாளியை மட்டுமே வருத்தும். அத்தகைய பொருளுக்கு விலக்களித்தல் முறையே. வெங்காயம் அவ்வகையினதன்று. அறுவடைக் காலத்தில் அதற்குத் தீர்வை வேண்டும். உள்நாட்டு விளைச்சல் ஓய்ந்த காலத்தில் விலக்கு வேண்டும். 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டம், அமைச்சர் வர்த்தமானிக் கட்டளை மூலம் வீதத்தை மாற்ற வழிசெய்தது. கருவி ஏற்றதே. ஆயினும், கடன்பட்டு விதைவெங்காயம் வாங்கி நட்டவன், கிண்டும் வேளையில் வீதம் குறைக்கப்பட்டதை அறிவானாயின், அக்கருவியே அவனைக் கெடுக்கும். பயிரிடுமுன் வீதத்தையும் காலத்தையும் அறிவித்து, அவ்வறிவிப்பில் அரசு உறுதியாக நிற்றல் இன்றியமையாதது.

ஒரு பொருள் அத்தியாவசியமானதா என்று வாங்குவோனை மாத்திரம் வினவுதல் போதாது. அதனை விளைப்போன் யார், அதனை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்பு யாது என்பவற்றையும் வினவிய பின்னரே விலக்கு அளித்தல் தகும்.