ஜார்ஜ் டவுனில் ஒரு மேசை, இரண்டு தட்டு

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனைத் தெருச்சாப்பாட்டுக்குப் பெயர்போன ஊர் என்று புகழாதவர்கள் குறைவு. புகழ்கிறவர்கள் எல்லோரும் எதையும் தின்கிற ஒற்றை நாக்கை வைத்துக்கொண்டுதான் மதிப்பெண் போடுகிறார்கள். ஊர் சுற்றப் போகிறவர்களோ பெரும்பாலும் ஜோடியாகப் போகிறார்கள். எங்கள் ஜோடியில் நான் எல்லாம் சாப்பிடுவேன்; என் கணவர் முட்டையோடு சரி. நம் வீடுகளில் இது ஒன்றும் அதிசயமான சேர்க்கை இல்லை. அப்படிப்பட்ட இருவர் ஒரே மேசையில் உட்கார்ந்தால் அந்த ஊரின் புகழ் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதுதான் என் கேள்வி.

மேசையைப் பொறுத்தவரை தாங்குகிறது. கோப்பித்தியாம் என்கிற சீனக் காப்பிக்கடையில் கடைக்காரர் விற்பது காப்பி, டீ, குளிர்பானம் மட்டும். முன்பக்கத்தையும் ஓரங்களையும் தள்ளுவண்டிக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருப்பார். நூடுல்ஸ் ஒருவரிடம், பொரியல் இன்னொருவரிடம், இனிப்பு எதிர்ச்சாரியில் வேறொருவரிடம். எந்த மேசை என்று கையைக் காட்டிவிட்டு வந்தால் தட்டு தேடி வரும், வந்ததும் காசு. ஆளுக்கொரு பானம் வாங்க வேண்டும் என்பது எழுதாத சட்டம், வாங்காவிட்டால் சில கடைகளில் சிறு கட்டணம். அதில் நியாயம் இருக்கிறது, மேசை அவருடையது. ஒரே சமையலறை, ஒரே மெனு, அதில் சைவத்துக்குப் போனால் போகிறதென்று கடைசிப் பக்கம் என்கிற உணவகத்தைவிட இந்த ஏற்பாடு எத்தனையோ மேல். யாரும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

தட்டுக்கு வந்தால்தான் சிக்கல். சார் குவே தியாவ் என்கிற நூடுல்ஸ் வறுவலின் அடுப்பருகே நின்று பாருங்கள். கரி கனன்று கொண்டிருக்கும். இரும்புச் சட்டியில் பன்றிக்கொழுப்பு உருகியதும் பூண்டு, மிளகாய் விழுது, பட்டையான அரிசி நூடுல்ஸ், சோயா. ஓரமாக ஒதுக்கிவிட்டு முட்டை. கடைசியில் இறால், சிப்பி, முளைகட்டிய பயறு, சீனப் பூண்டுத்தாள். பெயர் வாங்கியவர்கள் ஒரு தட்டு முடிந்த பிறகே அடுத்த தட்டைத் தொடங்குவார்கள். நாலைச் சேர்த்துப் போட்டால் சூடு இறங்கி, நூடுல்ஸ் வேகுமே தவிர வறுபடாது. அந்தக் கருகல் வாசனைக்காகத்தான் காசே. ஆனால் "இறால், சிப்பி வேண்டாம்" என்று சொன்னால் இறாலும் சிப்பியும் மட்டும்தான் போகும், கொழுப்பு போகாது. ரோஜாக் என்கிற பழக்கலவையில்கூட இறால் விழுது. "நீ சாப்பிடும்மா, நான் இன்னொரு காப்பி சொல்லிக்கிறேன்" என்று என் கணவர் சொல்லும்போது மனதில் குறை இருக்காது. ஊரின் கணக்கில் அது குறைதான்.

மீன் தின்கிறவர்களுக்கு இந்த ஊரின் உச்சம் அசாம் லக்சா. இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. கானாங்கெளுத்தி வகை மீனை வேகவைத்து உதிர்த்து, புளியிலும் நம் கொடம்புளிக்குச் சொந்தக்காரனான ஒரு புளியின் உலர்ந்த வில்லைகளிலும் கொதிக்கவிட்ட சாறு. கீழே தடித்த அரிசி நூடுல்ஸ். மேலே அன்னாசி, வெள்ளரி, வெங்காயம், புதினா, நறுக்கிய காட்டு இஞ்சிப்பூ. முதல் வாய் மீன் புளிக்குழம்பை நினைவூட்டும். அதற்குள் அந்தப் பூவின் மணம் குறுக்கே வந்து, இது நம் வீட்டுப் பக்கமே இல்லை என்று சொல்லிவிடும். கரண்டியில் தனியாகத் தருகிற கறுப்பு இறால் பாகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்ள வேண்டும். எடுத்தவுடன் முழுதும் கலக்கினால் புளிப்பு மட்டுப்பட்டுவிடும். சிஎன்என் 2011இல் வெளியிட்ட உலகின் 50 சுவையான உணவுகளில் இதற்கு 7ஆம் இடம். இப்படிப்பட்ட பட்டியல்களை நான் நம்புவதில்லை. இந்த ஒன்றில் சண்டைக்கும் போக மாட்டேன்.

நாசி கண்டார் விஷயத்தில் சண்டை உண்டு. தமிழ் முஸ்லிம்கள் காவடித்தடியில் சோறும் குழம்பும் சுமந்துபோய்த் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற சாப்பாடு. 1907இல் தொடங்கிய ஹமீதியா உணவகம் இன்றும் நடக்கிறது. வரலாறு பெரிது, வரிசையும் பெரிது. தட்டில் விழுகிற ஒவ்வொரு குழம்பையும் தனியாக நக்கிப் பார்த்தால் நமக்குப் புதிதாக எதுவும் இல்லை. நாலைந்து குழம்பை ஒன்றின்மேல் ஒன்றாக வெள்ளம்போல் ஊற்றிக் கலக்குவதில்தான் கைவண்ணம். மலேசியாக்காரருக்கு அது பால்ய ருசி, தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்குத் தெரிந்த ருசி. வெண்டைக்காய் வாங்கினாலும் அதன் தலையில் கறிக்குழம்பு விழும் என்பதால் என் கணவருக்கு இங்கேயும் ஒன்றுமில்லை.

மிஷ்லின் வழிகாட்டி 2022 டிசம்பரில் பினாங்குக்கு வந்தது. நட்சத்திரம் உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களுக்குப் போயிற்று. தள்ளுவண்டிகளுக்குக் கிடைத்தது 'பிப் கூர்மாண்ட்' பாராட்டு. அந்தச் சான்றிதழைப் பார்த்து வரிசையில் நின்றால், சாப்பிடப்போகும் ஒருவருக்காகச் சாப்பிடாத ஒருவரும் கால்கடுக்க நிற்க வேண்டும். இன்னொன்று, இந்த ஊர் உணவுகளைத் தள்ளுவண்டியில் வெளிநாட்டவர் தலைமைச் சமையல்காரராக இருந்து சமைக்கக் கூடாது என்ற மாநில அரசின் 2016ஆம் ஆண்டு விதி. ருசியைக் காப்பாற்றத்தானாம். அந்த ருசியைக் கொண்டுவந்தவர்கள் ஃபூஜியனிலிருந்தும் நம் கடற்கரையிலிருந்தும் கப்பலேறியவர்கள் என்பதை மறந்துவிட்டுப் போட்ட விதி அது.

சைவக்காரருக்கு எதுவுமே இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். காயா என்கிற தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ரொட்டி, அரைவேக்காட்டு முட்டை, பனிச்சீவலும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டிப் பாகுமாக செண்டோல், சர்க்கரையும் தேங்காய்த்துருவலும் தூவிய இடியாப்பம் எல்லாம் உண்டு. லிட்டில் இந்தியாவில் தோசை கிடைக்கும், வயிறு நிறையும். தோசை தின்ன யாரும் விமானம் ஏறுவதில்லை. வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்காத பௌத்த சைவக் கடைகளும் உண்டு. அங்கே சோயாவில் செய்த போலி வாத்துத் துண்டைப் பார்த்துவிட்டு, "வேணாம்னுதானே இங்க வந்தோம், அதையே செஞ்சு வெச்சிருக்காங்களே" என்றார் என் கணவர். பதில் சொல்ல முடியவில்லை.

எனக்கு ஜார்ஜ் டவுன் முதல் தரம், அவருக்கு மூன்றாம் தரம். இரண்டையும் கூட்டி வகுத்து இரண்டாம் தரம் என்று சொல்ல எனக்கு ஒப்பவில்லை. இருவர் உட்காரும் மேசைக்கு மதிப்பெண் என்றால் குறைவாகக் கிடைத்தவரின் மதிப்பெண்தான் அந்த மேசையின் மதிப்பெண். ஆகவே மூன்றாம் தரம். இருவருமே மீன் சாப்பிடுகிறவர்கள் என்றால் இந்தத் தீர்ப்பு செல்லாது, லக்சாவுக்காகவே போகலாம். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில், பெரும்பாலும் அக்டோபரை ஒட்டி, ஒன்பது பேரரசர் திருவிழாவின்போது பல கடைகள் மஞ்சள் கொடி கட்டிச் சைவத்துக்கு மாறிவிடும். அதே நூடுல்ஸ் கொழுப்பும் இறாலும் இல்லாமல் சட்டியில் விழும். அந்த ஒன்பது நாளில் போகிற கலப்பு ஜோடிகள் என் மதிப்பெண்ணைத் தாராளமாகத் திருத்திக்கொள்ளலாம்.