சாவி யார் கையில்?

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் அக்விட்நெக் என்றொரு தீவு. அதன் தென்முனையில் நியூபோர்ட் நகரம். அங்கே பெல்வியூ அவென்யூவில் நிற்கும் மாளிகைகளில் பல, 19ஆம் நூற்றாண்டின் பெரும் பணக்காரர்கள் கோடையில் சில வாரங்கள் தங்குவதற்காகக் கட்டியவை. இப்படியொரு மாளிகை புதுப்பிக்கப்பட்டு விற்பனைக்கு வந்தால் விளம்பரம் எதைச் சொல்லும் என்று நமக்குத் தெரியும்: கட்டடக் கலைஞரின் பெயர், பளிங்கு, நடனக்கூடம், கடல் காட்சி. பெண் வந்தால், 'அன்பு மனைவிக்கு அளித்த பரிசு' என்ற ஒற்றை வரியில் வந்துபோவாள்.

அந்த வரியை மார்பிள் ஹவுஸ் என்ற மாளிகையின் வாசலில் நின்று படித்துப் பார்க்கலாம். வில்லியம் வாண்டர்பில்ட் தன் மனைவி ஆல்வாவின் 39ஆம் பிறந்தநாளுக்குக் கொடுத்த வீடு அது. 1888 முதல் 1892 வரை கட்டப்பட்டது. ஒரு கோடியே பத்து லட்சம் டாலர் செலவு, அதில் எழுபது லட்சம் பளிங்குக்கு மட்டும் என்று கணக்குச் சொல்வார்கள். ஆல்வா கைநீட்டி வாங்கிக்கொண்டவர் மட்டுமல்ல. கலைஞர் ரிச்சர்ட் மோரிஸ் ஹன்ட்டுடன் சேர்ந்து அதைத் திட்டமிட்டவரும் அவரே. அதைவிட முக்கியமானது, வீடு அவர் பெயரில் இருந்தது.

திருமணமான பெண்ணின் சொத்து கணவனுடையதே என்ற சட்டத்தை அமெரிக்க மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டது அந்த நூற்றாண்டில்தான். 1895இல் ஆல்வா கணவனை விவாகரத்து செய்தபோது மார்பிள் ஹவுஸ் அவரிடமே நின்றது. அவருடைய வட்டத்தில் கணவனின் துரோகத்தைச் சகித்துக்கொள்வதே நல்ல பெண்ணுக்கு அடையாளமாக இருந்தது. வெளியேறும் துணிச்சலுக்குப் பின்னால் ஒரு பத்திரமும் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

கதையை இங்கேயே முடித்தால் நமக்கு நிம்மதி. ஆனால் அதே 1895இல், அதே வீட்டில், ஆல்வா தன் 18 வயது மகள் கான்சுவேலோவைக் காவலில் வைத்தார். அவள் வேறொருவரை விரும்பினாள். தாய்க்கு வேண்டியதோ ஓர் ஆங்கிலப் பிரபு. மார்ல்பரோ கோமகன் அந்த வீட்டின் காதிக் அறையில்தான் அவளிடம் திருமணத்துக்குக் கேட்டார். வரதட்சணை 25 லட்சம் டாலர் மதிப்புள்ள ரயில்வே பங்குகள். கான்சுவேலோ இதையெல்லாம் 1952இல் வெளிவந்த தன் நினைவுக்குறிப்பில் எழுதினார். 1926இல் அத்திருமணத்தைச் செல்லாததாக்கும் திருச்சபை விசாரணையில், தான் மகளைக் கட்டாயப்படுத்தியதாக ஆல்வாவே சாட்சியம் சொன்னார்.

இதே ஆல்வா 1909இல் மார்பிள் ஹவுஸின் கதவுகளைப் பெண்களின் வாக்குரிமைக் கூட்டங்களுக்குத் திறந்துவிட்டார். 1914இல் அங்கே நடந்த பெண்கள் மாநாட்டின் முக்கிய விருந்தாளி கான்சுவேலோ. காவலில் கிடந்த வீட்டுக்கே கௌரவ விருந்தினராக வந்திருந்தாள் மகள்.

1909 டிசம்பரில் நியூயார்க்கில் சட்டை தைக்கும் தொழிலாளிப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்து கைதானபோது, ஆல்வா இரவு நீதிமன்றத்துக்குப் போய், அந்நகரிலிருந்த தன் வீட்டையே ஜாமீனுக்கு ஈடாக வைத்தார். 800 டாலர் பெறுமா என்று கேட்ட நீதிபதிக்கு, அது நான்கு லட்சம் பெறும் என்றார். சோஷலிசப் பெண்கள் இந்தச் சீமாட்டிகளைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். சந்தேகத்துக்கு நியாயம் உண்டு. மார்பிள் ஹவுஸை நடத்த 36 வேலையாட்கள் தேவைப்பட்டார்கள். ஆல்வா மறுமணம் செய்து அதே தெருவிலிருந்த இன்னொரு வீட்டுக்குக் குடிபோன பிறகு அந்தப் பளிங்கு மாளிகை பெரும்பாலும் சலவைக்குத்தான் பயன்பட்டது. துவைத்த பெண்களின் பெயர் எந்த விளம்பரத்திலும் வராது.

1932இல், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், ஆல்வா மார்பிள் ஹவுஸை விற்றார். 1963இல், அவருடைய இளைய மகன் கொடுத்த பணத்தில் ஒரு பாதுகாப்புச் சங்கம் அதை வாங்கியது. இன்று அது அருங்காட்சியகம். 'பெண்களுக்கு வாக்குரிமை' என்று பொறித்து ஆல்வா செய்வித்த கோப்பைகளின் நகல்களைக் கடையில் விலைக்கு வாங்கலாம்.

கோப்பையை வாங்குவதில் தவறில்லை. அது நம் வரலாறும்தான். ஆனால் போராட்டத்தை மட்டும் எடுத்துவைத்துவிட்டுப் பூட்டிய அறையை மறந்துவிட்டால், அதுவும் இன்னொரு விற்பனை விளம்பரம்தான். பெண் பெயரில் பத்திரம் வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆல்வா வெளியேற முடிந்தது அதனால்தான். ஆனால் அதே பத்திரம்தான் மகளின் அறைக்குச் சாவியாகவும் இருந்தது. ஆணிடமிருந்து சொத்து பெண்ணின் கைக்கு வந்ததும் நம் கேள்வி முடிந்துவிடுவதில்லை. அந்த வீட்டிலிருந்து யாரால் வெளியே போக முடிந்தது, யாரால் முடியவில்லை என்றும் கேட்க வேண்டும். மகளையும் கேட்க வேண்டும், துவைத்தவளையும் கேட்க வேண்டும்.