பாதி வழியில் நிற்கும் ஆய்வுகள்

புதிய மருந்து ஒன்று வரும்போது அதைக் கண்டுபிடித்தவரின் பெயரை அறிகிறோம். விற்கும் நிறுவனத்தின் பெயரையும் அறிகிறோம். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள நெடுந்தொலைவு யார் பணத்தால் கடக்கப்பட்டது என்று கேட்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் கண்ட உண்மையை நோயாளிக்கு உதவும் பொருளாக மாற்றும் இப்பணியை இடைநிலை ஆய்வு எனலாம். கல்லீரல், பித்தநாளப் புற்றுநோய்களில் இவ்வாய்வின் தொடக்கக் கட்டத்துக்குப் பணம் கிடைக்கும் முறையில் பெருங்குறை உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் ஒரு வெற்றியைப் பார்ப்போம். அமெரிக்க அறிவியலர் பாரூக் புளும்பெர்க் கல்லீரல் நோயைத் தேடிப் போகவில்லை. இரத்தப் புரதங்கள் மக்களுக்கு மக்கள் எவ்வாறு வேறுபடுகின்றன என்று ஆராய்ந்தார். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் இரத்தத்தில் கண்ட புதிய பொருளைப் பற்றி 1965இல் எழுதினார். அது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறை என்பது பின்னரே தெளிவாயிற்று. ‘இதனால் எந்த நோய் தீரும்?’ என்று தொடக்கத்திலேயே ஒரு நிதிக்குழு கேட்டிருந்தால் அவரிடம் விடை இருந்திராது.

1969இல் அவரும் இர்விங் மில்மனும் தடுப்பூசி செய்யும் முறைக்குக் காப்புரிமை கோரினர். அமெரிக்க அரசு தடுப்பூசிக்கு உரிமம் அளித்ததோ 1981இல். அதே ஆண்டில் தைவானில் 22,707 ஆண்களைக் கண்காணித்த ஆய்வின் முடிவு வெளியாயிற்று. இவ்வைரஸை நெடுநாள் தாங்கியோருக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட 223 மடங்கு என்று அது காட்டியது. 1984 முதல் தைவான் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டது. 6 முதல் 14 வயதுள்ளோரில் இப்புற்றுநோய் 1981-86இல் ஆண்டுக்கு லட்சத்துக்கு 0.70 ஆக இருந்தது, 1990-94இல் 0.36 ஆகக் குறைந்தது. ஒரு தடுப்பூசி புற்றுநோயைத் தடுத்ததற்கு இது முதற்சான்று.

நம் நாட்டில் நடந்தது என்ன? இறக்குமதியான தடுப்பூசி எளியோர்க்கு எட்டாத விலையில் இருந்தது. வரப்பிரசாத் ரெட்டி என்னும் மின்னணுப் பொறியாளர் 1993இல் ஐதராபாத்தில் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருக்கு முதலீடு தந்தவர் ஓமான் நாட்டு வெளியுறவு அமைச்சர் யூசுப் பின் அலாவி. 1997இல் ஈஸ்ட் கொண்டு செய்த இந்தியத் தடுப்பூசி வெளிவந்தது. விலை பெரிதும் இறங்கியது. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு வேண்டிய ஒரு பொருள், ஒருவர் அயல்நாட்டு அமைச்சர் ஒருவரைச் சந்தித்த தற்செயலைச் சார்ந்திருக்கலாமா? நம் நிதி முறை மீது வைக்கத்தக்க முதற்குறை இதுவே.

இரண்டாம் குறை பித்தநாளப் புற்றுநோயில் தெரிகிறது. உலகிலேயே இந்நோய் மிகுந்த பகுதி வடகிழக்குத் தாய்லாந்து. அங்கே ஆற்று மீனைப் பச்சையாக உண்ணும் வழக்கம் உண்டு. மீனோடு உடலுக்குள் போகும் ஒருவகைத் தட்டைப்புழு பித்தநாளத்தில் தங்கி, ஆண்டுக்கணக்கில் அழற்சி உண்டாக்குகிறது. நோய் பெரும்பாலும் முற்றிய பிறகே தெரிய வருகிறது.

2020இல் அமெரிக்காவில் பெமிகாட்டினிப் என்னும் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. எஃப்ஜிஎஃப்ஆர்2 என்னும் மரபணு வேறொன்றோடு இணைந்துவிட்ட கட்டிகளை அது தாக்குகிறது. அத்தகைய கட்டியுள்ள 107 பேரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குக் கட்டி சுருங்கியது. நல்ல அறிவியல், ஐயமில்லை. ஆயினும் புழுவால் வரும் புற்றுநோயில் இவ்விணைப்பு அரிது. ஆகவே நோய் மிகுந்த இடத்து உழவர்க்கு இம்மருந்தால் பயன் குறைவு. அவருக்கு வேண்டுவது நோயை முளையிலேயே காட்டும் நம்பகமான, மலிவான இரத்தச் சோதனை. கோன் கேன் பல்கலைக்கழகத்தார் கிராமம் கிராமமாக மீயொலிக் கருவி கொண்டு சோதிக்கிறார்கள். அத்தகைய முயற்சியில் இலாபம் இல்லை. எனவே வணிக முதலீடும் எளிதில் வருவதில்லை.

‘தொடக்க ஆய்வுகளுள் பல தோற்கின்றன, பொதுப்பணத்தை ஏன் வீணாக்க வேண்டும்?’ என்பார் உண்டு. கேள்வி நியாயமானதே. மேட்டைத் தாண்ட வேண்டிய பந்தை எண்ணிப் பாருங்கள். உச்சி வரை தள்ளினால் மறுபுறம் தானே உருளும். பாதியில் கைவிட்டால் திரும்பி வந்துவிடும், தள்ளிய உழைப்பும் வீண். இன்றைய நிதி முறை பல பந்துகளைப் பாதி மேட்டில் கைவிடுகிறது. உண்மையான வீண் செலவு அதுவே.

செய்யத்தக்கவை மூன்று. சிறு தொகைகளைப் படிப்படியாகத் தரவேண்டும். ஒரு படி தேறிய ஆய்வுக்கு அடுத்த தொகை உறுதியாகக் கிடைக்க வேண்டும். தோற்ற ஆய்வின் முடிவையும் வெளியிட வேண்டும். அப்போது அடுத்தவர் அதே குழியில் விழமாட்டார். மேலும், ‘மருந்து கிடைக்குமா?’ என்பதோடு ‘யாருக்குக் கிடைக்கும்?’ என்றும் நிதிக்குழு கேட்க வேண்டும்.

புதிய மருந்து பற்றிய செய்தியைப் படிக்கும் மாணவர்களும் இக்கேள்வியைக் கேட்டுப் பழகலாம். வரி கட்டும் நம் ஒவ்வொருவருக்கும் அதைக் கேட்க உரிமை உண்டு.