இறங்கும்போது வரும் ரிஷபம்

ஏ மைனர் பென்டடானிக்கை ஐந்தாவது ஃப்ரெட்டில் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் வாசிக்கலாம், அலுக்காது என்பார்கள் ப்ளூஸ் ரசிகர்கள். எனக்கு அலுக்கும். அதற்காக, ஏழு ஸ்வரத்தையும் மேலும் கீழும் ஓட்டிக் காட்டும் வேகக்காரர்கள் பக்கமும் நான் இல்லை. பென்டடானிக்கின் ஐந்து ஸ்வரங்களுக்கு நடுவே ரிஷபமும் தைவதமும் எப்போது நுழைகின்றன என்பதில்தான் சோலோவின் உயிர் இருக்கிறது.

இதற்கு எனக்குப் பாடம் ஆபேரி ராகம்தான். ஏற்றத்தில் ஸ க ம ப நி, அச்சு அசலாக மைனர் பென்டடானிக். விட்டுவைத்த இரண்டும் இறக்கத்தில் வந்து சேரும். 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ்.ஜானகியின் குரலோடு காருகுறிச்சி அருணாசலம் வாசித்த 'சிங்கார வேலனே' கேட்காத கிட்டார்காரர் இருக்கக்கூடாது. அவர் நாயனத்தில் ரிஷபம் அவசரமாக வருவதே இல்லை. ஏறும்போது காக்க வைத்ததால்தான் இறங்கும்போது அதற்கு அத்தனை கனிவு.

கிட்டாரில் வைத்துப் பாருங்கள். ஏற்றத்துக்கு இரண்டாம் தந்தியில் 5, 8. முதல் தந்தியில் 5, 8. இறக்கத்துக்கு இரண்டிலும் 8, 7, 5. முதல் தந்தியின் 7 ரிஷபம், இரண்டாம் தந்தியின் 7 சதுஸ்ருதி தைவதம். எட்டிலிருந்து ஏழுக்கு ஒரே விரலை வழுக்கிக்கொண்டு வந்து, மறுபடி மீட்டாமல் ஐந்துக்கு விட வேண்டும். மூன்று ஸ்வரத்துக்கு ஒரே மீட்டல். குழைவு அதில்தான் கிடைக்கும். இரண்டாம் தந்தியில் 7-க்குப் பதில் 6-ஐத் தொட்டால் சுத்த தைவதம். தீட்சிதர் வழி ஆபேரிக்கு அதுதான்; மேடைகளில் இன்று கேட்பது மற்றது. மேற்கே ஏயோலியன், டோரியன் என்று சொல்வதும் இந்த வித்தியாசத்தைத்தான். 'கம்ஃபர்டபிலி நம்' கடைசி சோலோவில் டேவிட் கில்மர் பென்டடானிக்கில் நின்றுகொண்டே மைனரின் மற்ற ஸ்வரங்களை அளந்து அளந்து செலவழிப்பதைக் கேட்டால், காருகுறிச்சிக்கு அவர் தூரத்து உறவு என்றே தோன்றும்.

கள்ளக்குறிச்சிப் பக்கம், கச்சிராயபாளையம் தாண்டி மலையேறினால் வெள்ளிமலை. அங்கே ஒரு திருவிழாவில், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே ஆர்கெஸ்ட்ரா கிட்டார்காரர் இந்த 8, 7, 5-ஐ மெதுவாக வாசித்தார். சாமி புறப்பாடு முடித்து ஓரமாக உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், நாயனத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து "ஆபேரியா தம்பி?" என்றார். "ஏ மைனருங்கய்யா" என்று பதில் வந்தது. இரண்டும் சரி.

இப்போது கள்ளக்குறிச்சி சுற்றுவட்டாரத்தில் லீட் கிட்டாருக்கென்று ஆள் வைத்திருக்கும் குழு அபூர்வம். மைனஸ் டிராக் ஓடுகிறது, பாடகர் பாடுகிறார், இடையிசை நேரத்தில் மேடையில் வாசிக்க எவரும் இல்லை. கற்றுக்கொள்ளும் பிள்ளைகளோ பென்டடானிக்கின் ஐந்து பாக்ஸையும் மனப்பாடமாக வாசிக்கிறார்கள். எந்த பாக்ஸில் ரிஷபம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்டால் முழிக்கிறார்கள். சொல்லிக்கொடுப்பவர்கள் ஒரு மாதம் நாயனம் கேட்க வைத்துவிட்டு அப்புறம் பாக்ஸைக் காட்டலாம்.